பழைய ஸ்கூபா டேங்க் வாங்குமுன் அதன் தோளைப் படியுங்கள்

கூத்தங்குழியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி ஒரு வருடம் ஆகிறதாம். கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கிடக்கும் வலைகளையும் நங்கூரங்களையும் ஊர்க்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாம், ஆசைக்கும் முங்கலாம் என்று நினைக்கிறார். தூத்துக்குடியில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டுச் சாமான்களை விற்கிறார். அதில் இரண்டு டேங்க். ஒன்று அலுமினியம், தோளில் 87 என்று ஒரு எண் தெரிகிறது. இன்னொன்று 12 லிட்டர் ஸ்டீல் டேங்க்; புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறது. இரண்டும் சேர்த்து 18,000 ரூபாய் சொல்கிறார். "வாங்கலாமா அண்ணாச்சி, எதையெல்லாம் பார்க்கணும்?" என்பது கேள்வி.

தம்பி, நான் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் பார்க்கும் முக்குளிப்பு வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். நிறைய டேங்க் வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன், இரண்டை நானே அறுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விலையைப் பேசும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குக் காற்று ஏற்றித் தரப்போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள். உவரியிலோ இடிந்தகரையிலோ டேங்குக்குக் காற்று பிடிக்க முடியாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் இதற்கு உதவாது. ஸ்கூபா டேங்குக்கு 200 பார் அழுத்தம் வேண்டும்; பார் என்பது இங்கே அழுத்தத்தை அளக்கும் அலகு. கார் டயருக்குப் பிடிப்பதைப்போல சுமார் நூறு மடங்கு. அதற்குத் தனிக் கம்ப்ரசரும், எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்தெடுக்கும் பில்டரும் வேண்டும். அப்படி வைத்திருக்கும் ஒரு டைவிங் நிலையத்துக்குப் போய், "இந்த மாதிரி டேங்க் வாங்கப் போகிறேன், ஏற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். வருடம், தயாரிப்பாளர், கடைசி டெஸ்ட் தேதி மூன்றையும் அவர் கேட்பார். கேட்காமல் ஏற்றித் தருகிறவராக இருந்தால் அவரிடம் போகாதீர்கள். எந்த நிலையமும் காற்று ஏற்ற மறுக்கும் டேங்க், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இரும்புக்கடை விலைக்குத்தான் பெறும்.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் உண்டு. டேங்க் வெடித்த சம்பவங்களில் பெரும்பாலானவை காற்று ஏற்றும்போது, கரையில் நடந்தவை. அப்போது டேங்குக்குப் பக்கத்தில் நிற்பது வாங்கிய நீங்கள் இல்லை. கம்ப்ரசர் பார்க்கும் பையன். 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. டேங்கின் அடிப்பக்கத்தை மட்டும் கணக்கிட்டாலே சுமார் 40 டன். அந்த விசையைத் தாங்கி நிற்பது சில மில்லிமீட்டர் உலோகம். பழைய டேங்க் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தப் பையனுக்காகவும் சேர்த்துத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, டேங்குக்கு வருவோம்.

பெயின்டையும் கைப்பிடியையும் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் பூட்டையும் பார்த்து மயங்காதீர்கள். கழுத்துக்குக் கீழே, தோள் வளைவில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும். அதுதான் அந்த டேங்கின் ஜாதகம். ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாய்வாக டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்துகூடத் தெரியும். எந்தத் தரத்தின்படி செய்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும், யார் செய்தது, வரிசை எண், எந்த மாதம் எந்த வருடம் முதல் டெஸ்ட், பிறகு எப்போதெல்லாம் டெஸ்ட் என்று எல்லாம் அதில் இருக்கும்.

நம் பக்கம் அதிகம் புழங்குவது இரண்டு வகை. ஒன்று அமெரிக்கத் தரத்து அலுமினியம். அதில் டி.ஓ.டி., 3ஏஎல், 3000 என்று இருக்கும். 3000 என்பது பி.எஸ்.ஐ. கணக்கில் வேலை அழுத்தம், அதாவது 207 பார். எஸ்80, சி80 என்று கண்டால் அது 80 கன அடி டேங்க் என்று சொல்வார்கள். உண்மையில் கொள்வது 77 கன அடியை ஒட்டித்தான், ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. இன்னொன்று ஐரோப்பியத் தரத்து ஸ்டீல். அதில் கொள்ளளவு லிட்டரிலும், காலி எடை கிலோவிலும், வேலை அழுத்தம் 232 பார் என்றும், சோதனை அழுத்தம் 348 பார் என்றும், கழுத்து மரை எம்25 என்றும் விவரமாக இருக்கும். எழுத்தே இல்லாத டேங்க், எழுத்தைத் தேய்த்து எடுத்த டேங்க், ஒரு எண்ணின் மேல் இன்னொரு எண் அடித்த டேங்க் இவை மூன்றையும் தொடவே வேண்டாம்.

இப்போது உங்கள் அலுமினிய டேங்க். 87 என்று தெரிவது வரிசை எண்ணின் ஒரு துண்டாகவும் இருக்கலாம். மாதம், நடுவில் சோதித்தவரின் சின்னம், அப்புறம் வருடம் என்ற வரிசையில் இருந்தால்தான் அது தேதி. அது 1987-ஆம் வருடத் தேதிதான் என்றால் அந்த டேங்கை விட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அலுமினிய டேங்குகளில் பெரும்பகுதி 6351 என்ற கலவையில் செய்தவை. அந்தக் கலவைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வருடக்கணக்காக அழுத்தத்திலேயே இருந்தால், கழுத்தின் உட்புற மரைப் பகுதியில் மெல்ல மெல்ல விரிசல் ஓடும். வெளியே ஒன்றுமே தெரியாது. சில டேங்குகளில் அது மெதுவாகக் காற்றுக் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிலவற்றில் காற்று ஏற்றும்போது கழுத்தே பிய்ந்துவிடும். லக்ஸ்பர் நிறுவனம் அமெரிக்காவில் 1988-இன் நடுவில் இந்தக் கலவையைக் கைவிட்டு 6061-க்கு மாறியது. வேறு சில தயாரிப்பாளர்களும் வேறு நாட்டுத் தொழிற்சாலைகளும் அதற்குப் பிறகும் சில வருடம் 6351-இல் செய்தார்கள். கேட்டலினா நிறுவனத்தின் டேங்குகள் தொடக்கம் முதலே 6061தான். எல்லா 6351 டேங்கும் வெடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை; விரிசல் கண்டவை மிகச் சிலவே. ஆனால் அமெரிக்காவில் 2007 முதல், இந்தக் கலவை டேங்க் ஒவ்வொன்றையும் ஐந்து வருட மறுசோதனையின்போது கழுத்து மரையில், மின்சாரத்தால் விரிசலைத் தேடும் எடி கரன்ட் கருவியால் பார்த்தாக வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். நம் பக்கத்தில் அந்தக் கருவிக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்கும். அலைந்து சான்று வாங்கினாலும், 1990-க்கு முந்தைய அலுமினியம் என்றாலே கையெடுத்துக் கும்பிடும் நிலையங்கள் பல. அதனால் அலுமினியம் வாங்குவதென்றால் 1990-களின் பின்பாதிக்கு அப்புறம் செய்தது, 6061 என்று உறுதியானது, இந்த இரண்டும் இருந்தால் மட்டும் கையை நீட்டுங்கள்.

விற்பவர் ஒன்று சொல்வார். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணாச்சி, உள்ள காத்து ஃபுல்லா கெடக்கு பாருங்க, பத்து வருசமா ஒரு பொட்டு எறங்கல. நல்ல சாமான்லா!" கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்து வருடம் நிரம்பியே கிடந்த டேங்க் என்றால், பத்து வருடம் யாரும் உள்ளே பார்க்கவில்லை என்று அர்த்தம். அலுமினியமாக இருந்தால் பத்து வருடமும் கழுத்து இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நிரம்பிய டேங்கை நிரம்பியபடி வாங்காதீர்கள். காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே பார்த்த பிறகுதான் பேச்சு.

காலி செய்வதில் அவசரம் கூடாது. வால்வைச் சர்ரென்று முழுக்கத் திறந்தால் உலோகம் ஜில்லென்று குளிர்ந்து, நம் கடற்கரை ஈரக்காற்று அதன்மேல் வேர்க்கும். கொஞ்சமாகத் திறந்து, நேரம் எடுத்து விடுங்கள். வெளியே வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். கருகிய எண்ணெய் நாற்றமோ, பழைய இரும்பு வாடையோ வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. வாடையே இல்லையென்றால் காற்று சுத்தம் என்றும் நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

இன்னொரு முக்கியமான விஷயம். காற்று வருவது நின்றதாலேயே டேங்க் காலி என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் துருவோ உப்போ வால்வின் துளையை அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனர் போட்டு வால்வைத் திருகியவர்கள் உயிரோடு திரும்பியதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வால்வு கழற்றுவதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். லேத் பட்டறையில் கொண்டுபோய் பைப் ரெஞ்சு போடும் வேலையே வேண்டாம்.

இப்போது மஞ்சள் ஸ்டீல் டேங்க். எனக்கு ஸ்டீல் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது வருடமும் உழைக்கும். முங்குவதற்கும் அதுதான் சுகம். 80 கன அடி அலுமினிய டேங்க் நிரம்பியிருக்கும்போது கடல் தண்ணீரில் லேசாக மூழ்கும்; காற்று தீர்ந்துகொண்டே வரும்போது மிதக்கத் தொடங்கும். காலியானால் சுமார் 2 கிலோ மேலே தூக்கும். அதனால் மேலே வரும் வழியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல், இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டிவரும். ஸ்டீல் பெரும்பாலும் காலியானாலும் மூழ்கியபடியே இருக்கும். வலை அறுக்கும் வேலைக்கு உடம்பு நிலையாக நிற்பது பெரிய உதவி.

ஆனால் ஸ்டீலுக்கு எமன் உப்புத் தண்ணீர். நம் கரையில் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருடத்தில் பொரிந்து போகிறது, தெரியும்தானே. ஒரு சின்ன டம்ளர் அளவு கடல் தண்ணீர் உள்ளே போய், மேலே காற்றும் நிரம்பியிருந்தால், சாதாரணக் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் அதன்மேல் அழுந்திக்கொண்டிருக்கும். துரு அங்கே கறையான் மாதிரி தின்னும். அது உலோகத்தை மட்டும் தின்பதில்லை, உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனையும் தின்றுவிடும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த ஸ்டீல் டேங்கின் காற்றைச் சுவாசித்தால், ஆக்சிஜன் குறைந்த காற்றில் தெரியாமலேயே மயங்கிப் போகலாம். பழைய காற்று எவ்வளவு நிறைய இருந்தாலும் விட்டுவிடுங்கள், தம்பி. ஒரு தடவை காற்று ஏற்றும் காசுக்காக அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புதுப் பெயின்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பல வருடம் முன்பு நானே ஒரு மஞ்சள் டேங்க் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. ரப்பர் பூட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். "இறுகிப்போச்சு, அப்புறம் கழத்திக்கலாம்" என்றார் விற்றவர். நானும் விட்டுவிட்டேன். வீட்டில் வெந்நீர் ஊற்றி இழுத்துக் கழற்றினால், பூட்டுக்குள் தண்ணீர் தங்கித் தங்கி, அடி முழுக்கக் குழி குழியாக அரித்திருந்தது. மேலே பெயின்ட், கீழே அம்மைத் தழும்பு. அந்த டேங்க் ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, பூட்டைக் கழற்றிக் காட்டாத டேங்குக்கு நான் விலை கேட்டதே கிடையாது. உங்கள் மஞ்சள் டேங்கிலும் அதைத்தான் முதலில் செய்யுங்கள். கழற்றிய பிறகு விரல் நகத்தால் அடியைச் சுற்றி வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற குழி, கோடாக ஓடும் அரிப்பு, கொப்புளமாக எழும்பிய பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. உடம்பில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு, நசுங்கல், வயிறு மாதிரி உப்பல் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அலுமினியத்துக்குப் பெயின்டில் வேறு ஆபத்து. கார் பட்டறைகளில் பெயின்டை அடுப்பில் வைத்துக் காய்ச்சி ஏற்றும் முறை இருக்கிறது. அலுமினிய டேங்க் சுமார் 175 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அதன் பலமே போய்விடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தீயில் மாட்டிய டேங்கும் அப்படியே. யார் பெயின்ட் அடித்தது, எப்படி அடித்தது என்று சொல்லத் தெரியாத அலுமினிய டேங்கை எடுக்காதீர்கள்.

ஸ்டீலுக்கு நம் ஊரில் ஒரு நல்ல வழி இருக்கிறது, எடைபோட்டுப் பார்ப்பது. ஐரோப்பியத் தரத்து டேங்கின் தோளில் காலி எடை பொறித்திருக்கும் என்றேன் அல்லவா? மீன் ஏலக் கூடத்துத் தராசே போதும். வால்வைக் கழற்றி, பூட்டையும் வலையுறையையும் எடுத்துவிட்டு, டேங்கை மட்டும் எடை போடுங்கள். பொறித்த எடை பெரும்பாலும் வால்வு இல்லாத எடைதான். 14 கிலோ என்று பொறித்திருக்கும் டேங்க் 13.3 கிலோதான் காட்டினால், மீதி துருவாகப் போயிருக்கிறது. நம் நாட்டு வாயு சிலிண்டர் விதிகளிலும் இந்தக் கணக்கு உண்டு: காலி எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைந்த சிலிண்டரைப் பயன்பாட்டிலிருந்து நீக்கி அழிக்க வேண்டும்.

உள்ளே பார்க்க ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை ஒயரில் கட்டி இறக்கினால் போதும். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி சிறு கண்ணாடி இருந்தால் கழுத்தின் உட்புறத்தையும் பார்க்கலாம். ஸ்டீலில் லேசான செம்மண் நிறப் படலம், நம் தேரி மணலைத் தூவினாற்போல இருந்தால் பயப்பட வேண்டாம். அதைச் சுத்தம் செய்துவிடலாம். டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் செதில் செதிலாகத் துரு கொட்டுகிறது, அல்லது உள்ளே ஒரு பக்கமாகக் கோடு போட்டு அரித்திருக்கிறது என்றால் வேண்டாம். கோடு போட்டிருந்தால், தண்ணீரோடு வருடக்கணக்காகப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அலுமினியத்தில் சிவப்புத் துரு வராது, வெள்ளையாகப் பூத்திருக்கும். துடைத்தால் பொடியாகப் போகிற பூப்பு பரவாயில்லை. அதற்கடியில் குழி இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் நீங்கள் செய்கிற முதல் வடிகட்டல் மட்டும்தான். உண்மையான தீர்ப்பு ஹைட்ரோ டெஸ்டில் இருக்கிறது. டேங்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, வெளியிலும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றுவார்கள். 3000 பி.எஸ்.ஐ. அலுமினியத்துக்கு 5000 வரை, 232 பார் ஸ்டீலுக்கு 348 வரை. அழுத்தத்தில் டேங்க் கொஞ்சம் விரியும், விட்டதும் சுருங்கும். அமெரிக்க முறையில், விரிந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்காமல் நின்றுவிட்டால் டேங்க் தேறவில்லை. காற்றுக்குப் பதில் தண்ணீரை வைத்துச் செய்வதற்குக் காரணம், தண்ணீர் அமுங்காது. டேங்க் உடைந்தாலும் வெடித்துச் சிதறாது. இந்தச் சோதனை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உள்ளே பார்க்கும் சோதனை வருடத்துக்கு ஒருமுறை என்பது டைவிங் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் வழக்கம். கடைசி டெஸ்ட் தேதி ஐந்து வருடம் தாண்டியிருந்தால், அந்த டேங்க் மோசம் என்றில்லை. மறுபடி தேறும்வரை அதற்குக் காற்று ஏற்றக் கூடாது, அவ்வளவே.

இந்தியாவில் இதெல்லாம் 2016-ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்கிற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் அதைப் பார்க்கிறது. சிவகாசிப் பட்டாசுக்கு உரிமம் கொடுக்கும் அதே அமைப்பு. மறுசோதனையை அவர்கள் அங்கீகரித்த நிலையத்தில்தான் செய்ய வேண்டும். சோதித்த தேதியைத் தோளில் பொறித்து, தாளிலும் சான்று தருவார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த டேங்க் என்றால், இங்கே இறக்குமதிக்கு அனுமதி வாங்கியதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சோதனை நிலையத்திலேயே சிக்கல் வரும். தூத்துக்குடியில் கப்பல் தீயணைப்புச் சிலிண்டர் வேலை பார்க்கிறவர்களை விசாரித்தால் எங்கே கொண்டுபோவது என்று வழி சொல்வார்கள்.

வால்வைப் பற்றி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டேங்கின் கழுத்து மரையில் இரண்டு சாதி உண்டு. அமெரிக்க டேங்கில் முக்கால் இன்ச், ஐரோப்பிய டேங்கில் எம்25. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எம்25 வால்வு முக்கால் இன்ச் கழுத்தில் தளர்வாக உள்ளே போய்ப் பிடிப்பதுபோலவும் இருக்கும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் அடைத்துக்கொள்வதால் கொஞ்சம் காற்றும் நிற்கும். பிறகு அழுத்தம் ஏற ஏற, வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். இப்படிப் பல நாடுகளில் விபத்து நடந்திருக்கிறது. தொழிலை விட்டவர் விற்கும் சாமான் என்றால், எந்த டேங்கின் வால்வை எதில் மாட்டினார் என்று அவருக்கே நினைவிருக்காது. டேங்கின் தோளில் உள்ள மரைக் குறியும் வால்வில் பொறித்த மரைக் குறியும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்புறம், டேங்கின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் உங்கள் ரெகுலேட்டர் அந்த வால்வில் மாட்டுமா என்பது. பயிற்சியில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வளையம் போட்டு இறுக்கும் யோக் வகையாக இருக்கும். ஸ்டீல் டேங்கில் திருகி மாட்டும் டின் வகை இருந்தால், நடுவில் போடும் சின்ன இன்செர்ட்டோ அடாப்டரோ வேண்டும். இது சின்னச் செலவு, இதற்காக நல்ல டேங்கை விட வேண்டாம். பக்கத்தில் கம்பி தொங்கும், கடைசிக் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைக்கும் பழைய ரிசர்வ் வால்வு இருந்தால் மாற்றிவிடுங்கள். அது இருக்கிறதே என்ற தைரியத்தில் கேஜ் பார்க்காமல் முங்குவது ஆபத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை கேட்டு மலைத்தவர்கள் அடுத்து அங்கேதான் போகிறார்கள். வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரையோ ஆஸ்பத்திரி சிலிண்டரையோ முங்குவதற்கு எடுக்காதீர்கள். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால், முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்கடியில் வலிப்பு என்றால் முடிந்தது. அதைக் காலி செய்து காற்று ஏற்றலாமே என்பார்கள். அந்த வால்வுக்கு ஸ்கூபா ரெகுலேட்டர் பொருந்தாது, அதன் பழைய வரலாறும் தெரியாது. கப்பல் உடைக்கும் இடங்களிலிருந்து வரும் தீயணைப்பு வீரர்களின் முதுகுச் சிலிண்டரும் வேண்டாம். கார்பன் நார் சுற்றியவற்றுக்குப் பெரும்பாலும் 15 வருடம்தான் ஆயுள். கடல் தண்ணீரில் ஊறவைக்கச் செய்ததும் இல்லை.

படகில் கம்ப்ரசரை வைத்து நீளக் குழாயில் காற்று வாங்கிச் சங்கு குளிக்கப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொற்கை முத்துக் காலத்திலிருந்து மூச்சை அடக்கி முங்கிய கடல் இது. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அன்றைக்குக் காலில் கல்லைக் கட்டி இறங்கியவர் ஒரு மூச்சோடு மேலே வந்தார். அழுத்தக் காற்றைச் சுவாசித்து அதிக நேரம் கீழே இருந்துவிட்டுச் சடாரென்று மேலே வந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களை எனக்குத் தெரியும். டேங்கில் காற்று வாங்கி முங்கினாலும் அதே ஆபத்துதான். நல்ல டேங்க் உங்களை அதிலிருந்து காப்பாற்றாது. வலை அறுக்கப் போகும்போது துணைக்கு இன்னொரு முக்குளிப்பாளர் இல்லாமல் இறங்காதீர்கள். அறுந்த வலை மனிதனையும் மீனைப் போலத்தான் பிடிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையில் இறங்கவே வேண்டாம். தண்ணீர் கலங்கி எதிரே நீட்டிய கை தெரியாது.

வாங்கிய பிறகு பார்த்துக்கொள்வது எளிது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பூட்டையும் கழற்றி. டேங்கை முழுக்கக் காலியாக்காமல் 20 பார் அளவாவது வைத்தே மேலே வாருங்கள். அப்படியென்றால் கடல் தண்ணீர் உள்ளே புகாது. வீட்டில் நிமிர்த்தி, விழாதபடி கட்டி வையுங்கள். சித்திரை வெயிலில் நிரம்பிய டேங்கைக் கார் டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள். 200 பாரில் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.7 பார் ஏறும்.

ஆக உங்கள் இரண்டு டேங்கில், அலுமினியத்தின் தேதி 1987தான் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். "ரெண்டையும் சேத்துத்தான் தருவேன்" என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அதற்கு விலையே இல்லை என்று வைத்து ஸ்டீலை மட்டும் கணக்குப் போடுங்கள். ஸ்டீலுக்கு இப்படிப் பேசிப் பாருங்கள்: பூட்டைக் கழற்றி, எடை போட்டு, உள்ளே பார்த்துச் சரியென்றால் சிறு முன்பணம். டேங்க் நேராக டெஸ்டுக்குப் போகும். டெஸ்ட் செலவு உங்களுடையது. தேறிச் சான்று வந்தால் மீதிப் பணம், தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும். தன் சாமான் மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால், டைவிங் நிலையங்கள் தங்கள் டேங்குகளை மாற்றும்போது விசாரித்து வையுங்கள். அவர்களிடம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தாள் இருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

அதுவரை பணம் எதுவும் கொடுக்காமல், இரண்டு டேங்கின் தோளையும் சுற்றிச் சுற்றி நான்கு படம் எடுத்து அனுப்புங்கள். வெயிலில் எடுக்க வேண்டாம், எழுத்து மின்னிவிடும். சாயங்காலம் நிழலில், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். வால்வில் உள்ள எழுத்தையும் ஒரு படம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.